தி பாய்ஸ்: இங்க ஒருத்தனுக்கும் வாய்விட்டுப் பேச ஆள் இல்ல

தி பாய்ஸ் சீரிஸோட மூணாவது சீசன்ல ஒரு டின்னர் சீன் வரும். டீப்னு ஒரு சூப்பர் ஹீரோ உக்காந்திருக்கான், பக்கத்துல பொண்டாட்டி கசாண்ட்ரா, எதிர்ல அவன் டீமோட லீடர் ஹோம்லேண்டர். டீப் முன்னாடி தட்டுல ஒரு ஆக்டோபஸ், உயிரோட, பேரு டிமத்தி. டீப்போட பவரே கடல்ல இருக்கிற ஜீவராசிங்ககிட்ட பேசுறதுதான், அதனால டிமத்தி அவனுக்கு சாப்பாடு கிடையாது, ஃப்ரெண்டு. அது கெஞ்சுறது அந்த டேபிள்ல அவன் ஒருத்தனுக்கு மட்டும்தான் கேக்குது. ஹோம்லேண்டர் சிரிச்சுக்கிட்டே சாப்பிடுங்கறான். கசாண்ட்ராவும் சாப்பிட்டுத் தொலைன்னு கண்ணக் காட்டுறா, ஏன்னா திரும்ப டீமுக்குள்ள வந்த சான்ஸ் கைவிட்டுப் போயிடக் கூடாதே. இவன் அழுதுக்கிட்டே சாப்பிடுறான், அதோட காலெல்லாம் வாய்க்கு வெளிய நெளியுது.

நான் நல்லா சிரிச்சேன். அப்புறம் கையில இருந்த பரோட்டாவ அப்படியே ஓரமா வச்சுட்டேன்.

தி பாய்ஸ் பத்தி யார்கிட்ட கேட்டாலும் ரத்தம், குடல், வெடிக்கிற தலைன்னுதான் சொல்லுவாங்க. அதெல்லாம் இருக்கு, வண்டி வண்டியா இருக்கு. ஆனா முதல் நாலு சீசன், மொத்தம் 32 எபிசோடு, ரெண்டாவது தடவையா திரும்பப் பார்த்தப்பதான் ஒரு விஷயம் உறைச்சுது, இந்தக் கதைல ஒரு பயலுக்கும் மனசு விட்டுப் பேச இன்னொரு மனுஷன் கிடையாது. ஒருத்தன் மீன்கிட்ட பேசுறான், ஒருத்தன் கண்ணாடிகிட்ட பேசுறான், ஒருத்தன் கார்ட்டூன்கிட்ட பேசுறான், ஹீரோன்னு நாம நெனச்சுக்கிட்டிருக்கிறவன் செத்தவன்கிட்ட பேசுறான். சூப்பர் பவர் எல்லாருக்கும் இருக்கு, போன் போட்டா எடுக்கிற ஒரு ஆள் எவனுக்கும் இல்ல. ஒரு சூப்பர் ஹீரோ கதைக்குள்ள இதைப் போய் ஒளிச்சு வச்சிருக்காங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த ரிவ்யூ. ஸ்பாய்லர் எக்கச்சக்கமா இருக்கு, பார்க்காதவங்க இத்தோட ஓடிடுங்க.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. அமேசான் பிரைம்ல 2019 ஜூலைல ஆரம்பிச்சுது, கார்த் என்னிஸும் டாரிக் ராபர்ட்ஸனும் பண்ணின காமிக்ஸ எடுத்து எரிக் கிரிப்கி சீரிஸா பண்ணியிருக்கார். சூப்பர் ஹீரோங்க எல்லாம் வாட்னு ஒரு கார்ப்பரேட் கம்பெனியோட சம்பளக்காரங்க, கடவுள் கொடுத்த வரம்னு ஊருக்குச் சொல்றாங்க, உண்மைல குழந்தையா இருக்கும்போதே காம்பவுண்ட் வின்னு ஒரு மருந்த ஊசில ஏத்தி உருவாக்கினது. அவங்கள ஒழிக்கக் கிளம்புற ஒரு சில்லறை கேங்குதான் பாய்ஸ். அவ்ளோதான் கதை.

சரி, ஹோம்லேண்டர். ஆண்டனி ஸ்டார்னு நியூசிலாந்துக்காரர், இதுக்கு முன்னாடி நான் பார்த்ததே இல்ல, இனிமே வேற எதுல பார்த்தாலும் பயமாத்தான் இருக்கும். அந்த ஆளு சிரிக்கும்போது வாய் மட்டும்தான் சிரிக்கும், கண்ணு அது பாட்டுக்கு வேற வேலை பாத்துக்கிட்டிருக்கும், தாடைல ஒரு சின்ன நரம்பு துடிக்கும் பாருங்க, அடுத்த செகண்ட் லேசர் வருமா கட்டிப்பிடிப்பானான்னு ரூம்ல இருக்கிறவங்களுக்கும் தெரியாது நமக்கும் தெரியாது. உலகத்துலயே பலசாலி, பறப்பான், ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா இவன் வளர்ந்தது ஒரு லேப்ல. அம்மா இல்ல அப்பா இல்ல, கூட விளையாட ஒரு குழந்தை கூட இல்ல. பேஸ்பால் விளையாடி வளர்ந்த அமெரிக்கப் பையன்னு ஊருக்குச் சொல்றதெல்லாம் கம்பெனி எழுதின கதை. வோகல்பாம்னு அவன வளர்த்த சயின்டிஸ்ட்டே முதல் சீசன்ல, இவன ஒரு குடும்பத்துல வச்சு வளர்த்திருக்கணும், தப்புப் பண்ணிட்டேன்னு ஒத்துக்கிறார்.

ரெண்டாவது சீசன்ல ஒரு இடம். தான் ஒரு மாதிரி அம்மாவாவும் ஒரு மாதிரி காதலியாவும் வச்சிருந்த வாட் கம்பெனி மேலதிகாரி மேடலின் ஸ்டில்வெல்ல முதல் சீசன் கடைசில இவனே கொன்னுட்டான். கொன்னுட்டு, இப்ப அவள மாதிரியே உருவம் மாத்தத் தெரிஞ்ச ஒருத்தன காட்டுக்குள்ள ஒரு கேபின்ல வச்சுக்கிட்டு, அவன அவளா மாறச் சொல்லி, மடியில படுத்து, நீ நல்லவன் நீ பெரியவன்னு சொல்லச் சொல்லிக் கேக்குறான். யோசிச்சுப் பாருங்க, நாட்டுல பாதிப்பேர் இவன் போஸ்டர ஒட்டி வச்சிருக்காங்க, இவன் காசு குடுத்து ஆள் வச்சுப் பாராட்டு வாங்குறான். ஒரு நாள் அந்த ஆளு இவன சந்தோஷப்படுத்தறேன்னு நெனச்சு ஹோம்லேண்டராவே மாறி நிக்கிறான். ஒரு ரூம்ல ரெண்டு ஹோம்லேண்டர், ஒருத்தன ஒருத்தன் தேத்துறான். அந்தக் கோலத்த இவனாலயே பொறுக்க முடியல, எனக்கு எவனும் தேவையில்லன்னு சொல்லி அவனையும் முடிச்சுட்டான். காமெடியா, அசிங்கமா, பாவமா, மூணுமே ஒரே சீன்ல. நான் பாஸ் பண்ணிட்டு எந்திரிச்சுப் போய் தண்ணி குடிச்சுட்டு வந்தேன்.

மூணாவது சீசன்ல அவனோட பர்த்டே எபிசோடு இன்னும் மோசம். நாடே பார்க்கிற லைவ் ஷோ, அன்னைக்குன்னு பார்த்து அவன் காதலி ஸ்டார்ம்ஃப்ரண்ட் சாகுறா (அவ ஒரு நாஜி, இவனுக்கு வாய்ச்சதெல்லாம் அப்படித்தான்), இவன் மேடைல ஏறி மனசுல இருந்த வெறியெல்லாம் கொட்டிடுறான். ஒழிஞ்சான்னு நாம நெனச்சா, ரேட்டிங் ஏறிடுச்சு! அந்த சீசன் கடைசில கூட்டத்துல ஒருத்தன் இவன் பையன் ரையன் மேல ஒரு கேன தூக்கி எறியுறான், இவன் அத்தன பேரு முன்னாடி லேசர்ல அவன் தலைய காலி பண்றான். ஒரு செகண்ட் அமைதி. அப்புறம் கூட்டம் கைதட்டுது, விசில் பறக்குது. அப்ப ஸ்டாரோட மூஞ்சியப் பாருங்க, முதல்ல செத்தோம்டான்னு ஒரு பயம், அப்புறம் மெதுவா புரியுது, இவ்ளோ பண்ணியும் இவனுங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கேன்னு. அந்தச் சிரிப்பு இருக்கே, ஸ்கூல்ல யாரும் கூட்டு சேத்துக்காத பையன முதல் தடவையா டீமுக்கு எடுத்தா எப்படி சிரிப்பானோ அதேதான்.

நாலாவது சீசன்ல அவன் வளர்ந்த லேபுக்கே திரும்பப் போறான், கையில ஐஸ்கிரீம் கேக் வாங்கிக்கிட்டு. பழைய ஆபீஸ் ஃப்ரெண்டுங்கள பார்க்கப் போற மாதிரி எல்லாருக்கும் கேக் வெட்டிக் குடுத்து, பேர் சொல்லி நலம் விசாரிக்கிறான். அந்த ஆளுங்க சின்னப் பையனா இருந்தப்ப அவன ஓவன்ல போட்டு டெஸ்ட் பண்ணவங்க. அவங்களுக்கு அது ஒரு வேலை, சாயங்காலம் ஆனா வீட்டுக்குப் போயிட்டாங்க, அடுத்த நாள் பஞ்ச் பண்ணிட்டு உள்ள வந்தாங்க. இவனுக்கு அவங்கதான் தெரிஞ்ச ஒரே மனுஷங்க. அங்க என்ன நடக்கும்னு சொல்லத் தேவையில்ல, ஓவன் இன்னும் வேலை செய்யுதுன்னு மட்டும் சொல்லிக்கிறேன்.

இப்ப பிளாக் நோர், ஹோம்லேண்டர் டீம்ல முகமூடி போட்டுக்கிட்டு இருக்கிறவன். இந்த சீரிஸ்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது இவன்தான், இத்தனைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டான், மூஞ்சியும் காட்ட மாட்டான். ரெண்டு சீசனா இவன் ஒரு கில்லிங் மெஷின்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன், பாதாம் சாக்லேட் வாயில போனா சுருண்டு விழுந்துருவான்ங்கறது ஒரு காமெடி, அவ்ளோதான். மூணாவது சீசன்ல இவனோட பழைய டீம் லீடர் சோல்ஜர் பாய் திரும்ப வந்துட்டான்னு தெரிஞ்சதும் இவன் கைய அறுத்து டிராக்கர பிடுங்கிப் போட்டுட்டு ஓடுறான். ஓடிப்போய் எங்க ஒளியுறான்? ஏழாவது எபிசோட்ல, மூடிக்கிடக்கிற ஒரு சின்னப் பசங்க பீட்ஸா கடைல. பஸ்டர் பீவர்னு கடைக்கு ஒரு கார்ட்டூன் பொம்மை. உள்ள உக்காந்ததும் அந்த கார்ட்டூன் மிருகமெல்லாம் உயிரோட வந்து இவனைச் சுத்தி நின்னு ஆறுதல் சொல்லுது. அவனுக்கு மட்டும் தெரியுற ஃப்ரெண்ட்ஸ். அதுங்களே நடிச்சுக் காட்டுது 1984ல நிகராகுவால என்ன ஆச்சுன்னு, டீம் லீடர் சோல்ஜர் பாய் இவனை எப்படி அடிச்சே வச்சிருந்தான், சினிமால வந்த சான்ஸக் கூட எப்படி கெடுத்தான், கடைசில டீமே சேர்ந்து அவன ரஷ்யாக்காரங்ககிட்ட புடிச்சுக் குடுத்தப்ப இவன் மூஞ்சியையும் மூளையையும் எப்படி சிதைச்சான்னு எல்லாம். அவ்ளோ கொடூரமான விஷயத்தை ஒரு பீவரும் அதோட கூட்டாளிங்களும் கீச்சுக் குரல்ல நடிச்சுக் காட்டுறாங்க. இதை யோசிச்ச ரைட்டர் யாரோ, சல்யூட்.

அதுங்க குடுத்த தைரியத்துல இவன் வாட் கம்பெனி டவருக்குத் திரும்ப வர்றான். ஹோம்லேண்டருக்கு ஒரே சந்தோஷம், இந்த உலகத்துல அவன் நம்புற ஆளு இவன் ஒருத்தன்தான். ஒரே ஒரு கேள்வி கேக்குறான், சோல்ஜர் பாய்தான் என் அப்பான்னு உனக்குத் தெரியுமா? நோருக்குப் பொய் சொல்லத் தெரியாது, தலையாட்டுறான். ஹோம்லேண்டர் கண்ணு கலங்குது, கலங்கிக்கிட்டே வயித்துல கைய விட்டுடுறான். சாகும்போது நோருக்குத் துணைக்கு வந்து நின்னது மறுபடியும் அந்த கார்ட்டூனுங்கதான்.

இதுல குரூரமான ஜோக் நாலாவது சீசன்லதான். கம்பெனி அவன் செத்தத வெளிய சொல்லல, அதே டிரெஸ்ஸ வேற ஒரு ஆக்டருக்கு மாட்டி விட்டுட்டாங்க. இவன் வாயே மூட மாட்டான், என் கேரக்டரோட மோட்டிவேஷன் என்னன்னு கேட்டுக் கொல்றான், நடுவுல நின்னுக்கிட்டே தூங்கிடுறான். சிரிப்புதான், ஆனா ஒருத்தன் போனா அந்த சீட்டுல அடுத்தவன உக்கார வச்சுட்டு அதே ஐடி கார்ட கழுத்துல மாட்டி விடுற வேலைய எந்த ஆபீஸ்லதான் பார்க்கல.

டீப்ப பத்தி ஆரம்பத்துல சொன்னேன்ல, அவன் முழுக்க ஒரு கேவலமான ஆளு, முதல் எபிசோட்லயே டீமுக்குப் புதுசா வந்த ஸ்டார்லைட்கிட்ட பண்ணது மன்னிக்கவே முடியாதது, சீரிஸும் மன்னிக்கல. ஆனா அவன் காப்பாத்தப் போற ஒவ்வொண்ணும் அவன் கையாலயே சாகும். டால்ஃபின திருடிக்கிட்டு வேன்ல போவான், பிரேக் அடிச்சா அது கண்ணாடிய ஒடச்சுக்கிட்டு ரோட்டுல விழும், லாரி ஏறும். சூப்பர் மார்க்கெட்ல ஒரு லாப்ஸ்டர காப்பாத்தலாம்னு பார்ப்பான், கடைக்காரர் எடைபோட்டு வெட்டித் தந்துருவார். நாலாவது சீசன்ல அம்ப்ரோசியஸ்னு ஒரு ஆக்டோபஸ அலமாரிக்குள்ள தொட்டியில வச்சுக் குடும்பம் நடத்துறான், அதுக்குக் குரல் கொடுத்தது டில்டா ஸ்விண்டன், ஆமா அதே டில்டா ஸ்விண்டன். கடைசில ஒரு சண்டைல அவனே தொட்டிய குத்தி ஒடைச்சு, அது மூச்சுத் திணறி சாகுறத நின்னு பார்க்கிறான். டிமத்திய சாப்பிட வச்சது இன்னொருத்தன். இத செய்யச் சொல்லி யாரும் சொல்லல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சீசன்தான் வித்தியாசம், அதுக்குள்ள ஆளு எங்க போய் நிக்கிறான் பாருங்க.

பாய்ஸ் கேங்கோட தலைவர் புட்சரும் அதுல புதுசா சேர்ற ஹியூயியும்தான் கதையோட முதுகெலும்பு. ஹியூயி ஆடியோ வீடியோ கடைல வேலை பார்த்த ஒரு பயந்தாங்கொள்ளி, காதலி ராபின் கைய பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது ஏ-டிரெயின்னு மின்னல் வேகத்துல ஓடுற ஒரு சூப்பர் ஹீரோ அவளுக்குள்ள ஓடிட்டான், கையில மிச்சம் இருந்தது அவளோட ரெண்டு கை மட்டும். புட்சர் அவனை சேத்துக்கிறதுக்குக் காரணம் முதல்ல வெறும் உபயோகம், அப்புறம் செத்துப்போன தம்பி லென்னி மாதிரி இருக்கான்ங்கறது. புட்சரா வர்ற கார்ல் அர்பன் அந்தப் பாசத்தை காட்டுறதே கிடையாது, திட்டுவார், பொய் சொல்லுவார், மாட்டி விடுவார், நாய்கிட்ட மட்டும்தான் ஒழுங்கா பேசுவார். மூணாவது சீசன்ல கொஞ்ச நேரத்துக்கு மட்டும் பவர் குடுக்கிற டெம்ப் விங்கற மருந்து சில டோஸ் தாண்டினா ஆளை முடிச்சிரும்னு தெரியுது, ஹியூயிக்குச் சொல்லணும், சொல்ல மாட்டார், கடைசில ஒரு பெட்ரோல் பங்க் பாத்ரூம்ல ஒரு குத்து குத்தி மயக்கம் போட வச்சுட்டுப் போயிடுவார். காப்பாத்திட்டாராம். டேய் வேணாம்டா செத்துருவன்னு அஞ்சு செகண்ட்ல சொல்ல வேண்டியத சொல்லத் தெரியாம கைய ஓங்குற ஆம்பளைங்க நம்ம ஊர்லயும் தெருவுக்கு நாலு பேர் உண்டு, அதனாலயே அந்த சீன் ரொம்பத் தெரிஞ்ச சீன் மாதிரி இருந்துச்சு.

நாலாவது சீசன்ல புட்சருக்கு மூளைல கட்டி, டீம்லருந்தும் தள்ளி வச்சுட்டாங்க. பழைய கூட்டாளி ஜோ கெஸ்லர் வந்து அப்பப்ப பக்கத்துல உக்காந்து பேசுறான், நடிச்சது ஜெஃப்ரி டீன் மார்கன். பரவால்ல இவனுக்காவது ஒருத்தன் இருக்கானேன்னு நிம்மதியா இருந்தேன், ஆறாவது எபிசோடு கடைசில தெரியுது அப்படி ஒருத்தன் இல்லவே இல்ல, அவன் எப்பவோ செத்துட்டான், சாக விட்டுட்டு வந்ததே புட்சர்தான். கார்ட்டூன் பார்க்கிற நோருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம் இருக்கு?

ஹியூயி-நியூமன் விஷயமும் சொல்லியாகணும். நியூமன் ஒரு அரசியல்வாதி, மத்தவங்க தலைய வெடிக்க வைக்கிற பவர ஒளிச்சு வச்சிருக்கிறவ. ஹியூயி ஒரு வருஷமா பாஸ், ஃப்ரெண்டுன்னு நம்பி அவகிட்ட வேலை பார்த்தான், அவளோ அநாதை ஆசிரமத்துல தன்கூட வளர்ந்த சின்ன வயசு ஃப்ரெண்டு டோனி தேடி வந்தா ஒரு சந்துல வச்சு தலைய வெடிக்க விடுறா, ஹியூயி மறைஞ்சு நின்னு பார்க்கிறான். அதுக்கப்புறமும் நாலாவது சீசன் கடைசில அவ உதவி கேட்டு வரும்போது ஹியூயி நம்புறான், எல்லாரையும் சமாதானம் பண்ணி உள்ள கூட்டிட்டு வர்றான். அடுத்த நிமிஷம் புட்சர் வந்து அவள ரெண்டா கிழிச்சுடுறார். இந்த நாலு சீசன்ல ஒருத்தன் ஒருத்தர மனசார மன்னிச்ச சீன் அது ஒண்ணுதான்னு நெனக்கிறேன், அதுக்கு ஆயுசு ரெண்டு நிமிஷம்.

குறையில்லாம இல்ல. நாலாவது சீசன் நிறைய இடத்துல இழுக்குது, பாய்ஸ் கேங்குல இருக்கிற ஃப்ரெஞ்சிக்கு திடீர்னு ஒரு பழைய பாவக் கதைய கொண்டு வந்து பாதில விட்டுட்டாங்க. அவனும் அதே கேங்குல இருக்கிற வாய் பேசாத கிமிகோவும்தான் இதுல இருக்கிற ஒரே ஒழுங்கான நட்பு, அவ தம்பியோட சேர்ந்து உருவாக்கின சைகை மொழிய இவன் உக்காந்து கத்துக்கிறதெல்லாம் அவ்ளோ அழகு, அதை போய் சைடுல தள்ளுறாங்க. டெக் நைட்னு ஒரு சூப்பர் ஹீரோவோட குகைல ஹியூயிய கட்டி வச்சு பண்ற பாலியல் கொடுமைய முழுக்க காமெடியா எடுத்திருக்காங்க, அதே கொடுமை ஒரு பொண்ணுக்கு நடந்தப்ப முதல் சீசன்ல எவ்ளோ சீரியஸா காட்டினாங்க, இங்க மட்டும் என்ன சிரிப்பு? எனக்கு அது சுத்தமா பிடிக்கல. அப்புறம் அருவருப்புக்குன்னே வைக்கிற சீன் போகப்போக பழகிப்போய், அடப்போங்கடான்னு ஆயிடுது. அஞ்சாவதோட முடிக்கிறோம்னு கிரிப்கி 2024லயே சொன்னது நல்ல முடிவு.

யாரு பார்க்கலாம்? குடும்பத்தோட ஹால்ல உக்காந்து கண்டிப்பா பார்க்காதீங்க, அம்மா டீ எடுத்துட்டு வர்ற நேரம் பார்த்துத்தான் ஏதாவது ஒண்ணு ஓடும், எனக்கு நடந்திருக்கு. ஹெட்போன் போட்டு இங்கிலீஷ்லயே சப்டைட்டில் வச்சுப் பாருங்க, ஸ்டார் குரல அடக்கிப் பேசுற இடமெல்லாம் தவற விடக் கூடாது. சாப்பிடும்போது வேணாம், பரோட்டா கதை சொல்லிட்டேன். என் ரேட்டிங் அஞ்சுக்கு நாலு, முதல் மூணு சீசனுக்கு மட்டும்னா நாலரை.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். இதை எனக்கு முதல்ல போட்டுக் காட்டினது என் பழைய ரூம்மேட். பேச்சிலர் ரூம்ல பிளாஸ்டிக் ஸ்டூல் மேல லேப்டாப்ப வச்சு, ரெண்டு பேரும் தலைகாணிய முதுகுக்குக் குடுத்து ரெண்டு சீசனும் ஒரே லாங் வீக்கெண்ட்ல பார்த்தோம், டால்ஃபின் சீன்ல அவன் சிரிச்ச சிரிப்புல கீழ் வீட்டுக்காரர் மேல வந்துட்டார். மூணாவது சீசன் வந்தப்ப அவன் தனி வீடு போயிட்டான், போகும்போது கேஸ் சிலிண்டர் காசு 450 ரூபாய்ல ஒரு பேச்சு வந்து, நான் கொஞ்சம் ஓவரா பேசிட்டேன், அவனும் பேசிட்டான், அதுக்கப்புறம் பர்த்டேக்கு ஒரு கேக் எமோஜி, பொங்கலுக்கு ஒரு கரும்பு எமோஜி, அவ்ளோதான். பிரைம் அக்கவுண்ட் மட்டும் இன்னும் ஒண்ணுதான், வருஷா வருஷம் நான் கட்டுறேன், அவன் ப்ரொஃபைல நான் டெலிட் பண்ணல. போன வாரம் ரிமோட்ல தப்பா அமுக்கி அதுக்குள்ள போயிட்டேன். மூணாவது சீசன், ஏழாவது எபிசோடு, பீட்ஸா கடைல நோர் கதவத் திறந்து உள்ள வர்ற இடத்துல நிக்குது.

ப்ளே அமுக்கல, பேக் அமுக்கி வெளிய வந்துட்டேன். அமுக்கியிருந்தா அவன் விட்ட இடம் மாறிடும்ல.